ஏழு கோடு

டீக்கடையில் நாற்காலியைக் காட்டினால் அவர் உடனே உட்கார மாட்டார். அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, காலும் இருக்கையும் சேரும் இடத்தில் விரலை ஓட்டிப் பார்ப்பார். முடி அளவுக்கு ஒரு கோடு தட்டுப்படும். "இங்கதான் அச்சு பிரிஞ்சிருக்கு" என்பார். பிறகுதான் நாற்காலியை நிமிர்த்தி உட்காருவார்.

கடைக்காரருக்கு அது பழகிவிட்டது. "பாய், எல்லா நாக்காலியும் ஒரே அச்சுதான். நேத்துப் பாத்த கோடு இன்னைக்கு நகந்துடாது" என்று சிரிப்பார்.

"நகந்திருந்தா?" என்பார் இவர்.

வாளி, சோப்பு டப்பா, பேனா மூடி என்று எது கையில் கிடைத்தாலும் அந்தக் கோட்டைத்தான் முதலில் தேடுவார். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில், ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளி, தகரக் கொட்டகை போட்டு ஒரு பட்டறை வைத்திருந்தார். கார்களுக்கு பைபரில் பாகம் செய்கிற பட்டறை. கம்பெனியே கைவிட்ட பழைய காருக்கு பானெட் வேண்டும் என்று வருவார்கள். இருக்கிற காருக்கே வேறு முகம் வைத்துக் கொடுங்கள் என்றும் வருவார்கள். அவர் லப்பைக்குடிக்காட்டுக்காரர். வளைகுடாவில் பணக்காரர்களின் கார்களுக்கு இதே வேலையைப் பல வருடம் செய்துவிட்டு ஊர் திரும்பியவர். எல்லோரும் அவரை பாய் என்றார்கள். நான் அண்ணே என்பேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார்.

பைபர் வேலையில் ரெசின் என்கிற பசையில் ஊறவைத்து அடுக்கும் கண்ணாடி நார் விரிப்புக்கும் பாய் என்றுதான் பேர். பெயிண்ட் அடிக்கிற செல்வத்துக்கு அது போதும். "பாய், பாய் தீந்துபோச்சு. பாய் வாங்க பாய் போறீங்களா, இல்ல பாய்க்குப் பதிலா பாயையே வெச்சு ஒட்டிடலாமா?" என்று வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்பான். ஒவ்வொரு முறையும் அவர் புதிதாகக் கேட்பது போலச் சிரிப்பார்.

நான் அங்கே பெருக்கப் போனவள். பத்தாவது வரை படித்திருக்கிறேன். வேப்பந்தட்டைப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். யாரிடமும் அதிகம் பேச வராது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், அவர் செய்து வைத்திருந்த ஒரு கார் மூக்கைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டிருந்தேன். மூக்கு என்றால் காரின் முன்பக்கம். பலகை, தெர்மோகோல், பட்டி எல்லாம் வைத்து முதலில் உருவத்தைச் செய்வார். அதற்கு மாதிரி என்று பேர். அதன் மேல் பைபர் போட்டு எடுப்பது அச்சு. அந்த அச்சுக்குள் பைபர் போட்டு எடுத்தால்தான் காருக்கு மாட்டுகிற பாகம். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அந்த மாதிரியின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு முறை ஓட்டினேன். ஓர் இடத்தில் கை தானாக நின்றது.

"ஏன் அங்க நின்னுட்டே?" என்று பின்னாலிருந்து கேட்டார்.

பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டேன். "ஒண்ணுமில்லண்ணே."

"ஒண்ணுமில்லாமக் கை நிக்காது. சொல்லு."

"பள்ளமா இருக்கு."

அவர் வந்து கண்ணை மூடிக்கொண்டு அதே இடத்தைத் தடவினார். வெகு நேரம் தடவினார். "நேத்து மூணு தடவை பாத்தேன். எனக்குத் தட்டுப்படல. நான் எதை மறந்தேன்?" என்றார். மறுநாளிலிருந்து விளக்குமாறு போய், மெழுகு டப்பா என் கைக்கு வந்தது.

"நான் எதை மறந்தேன்?" என்பது அவர் அடிக்கடி சொல்வது. ஒரு முறை தனியார் பஸ் ஒன்றுக்குச் செய்த பம்பர் இரண்டு விரற்கடை குறைந்துபோனது. அளவெடுத்துக் கொடுத்தது அந்த பஸ்ஸின் டிரைவர். அதை எடுத்துச் சொன்னபோது, "டேப் புடிச்சது அவரு. அத நம்பி வெட்டுனது யாரு?" என்றார். இன்னொரு முறை ஒரு பானெட்டின் மூலையில் காற்றுக் குமிழி நின்றுவிட்டது. அதைச் செய்தது செல்வம். நெற்றியில் அடித்துக்கொண்டது இவர்.

"ரோலர் ஓட்டுனது நான், குமிழி விட்டது நான். நீங்க ஏன் பாய் அடிச்சுக்குறீங்க?"

"ரோலர்ல ரெசின் காஞ்சிருந்துச்சான்னு நான் பாக்கல."

"இந்த வருசம் மழை பேயலையே, அதுக்கும் நீங்கதான் காரணமா?"

"குடை வாங்கி வெச்சிருக்கேன்ல. அதனால இருக்கும்" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். அப்போது நான் அதைப் பெருந்தன்மை என்று மட்டும்தான் நினைத்தேன். இப்படிப்பட்டவரிடம் தப்புச் செய்வது எவ்வளவு சுலபம் என்று பிறகுதான் தெரிந்தது. யார் செய்த தப்பும் தானாக நடந்து அவரிடம் போய்ச் சேர்ந்துவிடும்.

மெழுகு வேலையைச் சொல்லிவிடுகிறேன். மாதிரியின் மேல் மெழுகு பூசாமல் பைபர் போட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பிறகு உடைத்துத்தான் பிரிக்க வேண்டும். மாதிரியும் போகும், அச்சும் போகும். அதனால் ஒரு பூச்சு பூசி, காயவிட்டு, சுத்தமான பனியன் துணியால் முகம் தெரிகிற வரை தேய்த்து, ஒரு மணி நேரம் விட்டு, அடுத்த பூச்சு பூச வேண்டும். புது மாதிரிக்கு ஏழு பூச்சு. மற்ற பட்டறைகளில் மெழுகுக்கு மேலே ஒரு நீலத் தண்ணீரைப் பூசிக்கொள்வார்கள். அது தோல் போலக் காய்ந்து, மெழுகு குறைந்தாலும் காப்பாற்றும். அது பளபளப்பைக் கெடுத்துவிடும் என்று இவர் தொட மாட்டார். மெழுகை மட்டுமே நம்புவார்.

ஒவ்வொரு பூச்சு முடிந்ததும் கொட்டகையின் நடுத்தூணில் சாக்பீஸால் ஒரு கோடு போட வேண்டும். நோட்டில் எழுதலாமே என்று செல்வம் ஒரு நாள் கேட்டான். "பேப்பர் பறந்துடும். ரெசின் கையில பேனா ஒட்டிக்கும். தூணு எங்க போவும்?" என்றார். பூசியவர்தான் கோடு போட வேண்டும், வேறு யாரும் போடக் கூடாது. போட்ட கோட்டைப் பற்றி அவர் மறுபடி கேட்டதே இல்லை.

அச்சு காய்ந்த பிறகு பிரிக்கிற நாளில் பட்டறையில் யாரும் பேசக் கூடாது. பிஸ்மில்லாஹ் சொல்லிவிட்டு விளிம்பில் மர ஆப்பை வைப்பார். இடுக்கில் தண்ணீர் விடுவார். ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். திடீரென்று உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம் வரும். "விட்டுருச்சு" என்பார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மீன்சுருட்டியிலிருந்து ஒருவர் தன் அப்பாவின் பழைய காரைக் கொண்டுவந்தார். முன்பக்கம் முழுவதும் துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. அந்த வகைக் கார் இப்போது எங்கும் இல்லை. மகள் கல்யாணத்துக்கு அந்தக் காரில்தான் பெண்ணை அழைத்துப் போக வேண்டும் என்று ஆசை. பாய் நாற்பது நாள் அந்த மூக்கைச் செய்தார். பழைய போட்டோக்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். தண்ணீர் தொட்டு உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து அவர் விரல் ரேகை அழிந்து, போனில் விரல் வைத்தால் திறக்கவில்லை. அவர் செய்ததிலேயே அதுதான் நல்ல வேலை என்று செல்வமே சொன்னான். அவன் யாரையும் லேசில் புகழ மாட்டான்.

அதற்கு மெழுகு பூச வேண்டிய நாளில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

எனக்கு அப்போது மாதக் கணக்கு தவற ஆரம்பித்திருந்த வயது. நான்கு பூச்சு முடித்து, நான்கு கோடு போட்டுவிட்டு நிமிர்ந்தபோது தெரிந்துவிட்டது. பதினெட்டாவது நாளிலேயே வந்துவிட்டது. என்னிடம் ஒன்றும் இல்லை. பட்டறையில் பாத்ரூம் கிடையாது. ஆண்கள் பின்னால் கருவேலங்காட்டுப் பக்கம் போவார்கள். நான் காலையில் வீட்டில் குடிக்கிற தண்ணீரோடு சரி, சாயங்காலம் வரை குடிக்க மாட்டேன். அன்று கட்டியிருந்தது வெளிர்பச்சைப் புடவை. மெழுகு தேய்க்க வைத்திருந்த புதுப் பனியன் துணிக் கட்டைப் பிரித்து நான்கு துண்டுகளை எடுத்துக்கொண்டேன். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் சுற்றிக்கொண்டேன்.

பாய் தொழுகைக்குப் போய்விட்டு, அப்படியே அரியலூரில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு சாயங்காலம்தான் வருவதாகச் சொல்லியிருந்தார். செல்வம் அன்று வேலைக்கே வரவில்லை. போன் செய்து, "அண்ணே, உடம்பு சரியில்ல, போறேன்" என்று சொல்லியிருந்தால் போதும். அவர் ஆட்டோவே பிடித்து அனுப்பியிருப்பார். ஆனால் உடம்புக்கு என்ன என்று கேட்பார். அவரைக் கூடப்பிறந்த அண்ணனாகத்தான் நினைத்தேன். கூடப்பிறந்த அண்ணனிடமும் நான் இதைச் சொன்னதில்லை. தூணில் நான்கு கோடு இருந்தால் ஏன் பாதியில் போனாய் என்று எல்லோரும் கேட்பார்கள். ஏழு இருந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். சாக்பீஸை எடுத்து மூன்று கோடு போட்டேன். மூன்றும் நேராகவே விழுந்தன. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்.

நாளைக் காலையில் முதல் பஸ்ஸுக்கே வந்து மீதி மூன்று பூச்சையும் பூசிவிடலாம் என்று நினைத்திருந்தேன். முதல் பஸ்ஸைத் தவறவிட்டேன். ஒன்பது மணிக்குக் கொட்டகைக்குள் நுழைந்தபோதே வாடை வந்துவிட்டது. மாதிரியின் மேல் ஜெல்கோட் பூசியிருந்தது. பைபருக்கு அடியில் முதலில் பூசுகிற கெட்டியான பூச்சு அது. ஹார்டனர் கலந்தால்தான் இறுகும்.

"தங்கச்சி, உன் கோட்டப் பாத்தேன், ஆரம்பிச்சுட்டேன்" என்றார். ஆறு மணிக்கே வந்துவிட்டாராம். "குளிர்ச்சியா இருக்கு பாரு, பிரஷ் என்னமா இழுக்குது!"

ஜெல்கோட் இன்னும் பிசுபிசுப்பாகத்தான் இருந்தது. அசிட்டோன் போட்டுத் துடைத்தால் போய்விடும். முன்பு ஒரு முறை தூசி விழுந்ததற்கு நானே துடைத்து எடுத்திருக்கிறேன். ஒரு அரை மணி நேரம் இருந்தது. மாதிரியைக் காப்பாற்ற அது போதும். வாயைத் திறந்தேன். அப்போது மீன்சுருட்டிக்காரர் கல்யாணப் பத்திரிகைகளோடு உள்ளே வந்தார். பாய்க்கு ஒன்று வைத்தார். செல்வத்துக்கு ஒன்று வைத்தார். என்னிடமும் மஞ்சள் தடவிய ஒரு பத்திரிகையை நீட்டி, "நீயும் வந்துரணும்மா. நம்ம காரு உன் கையாலதான் பளபளன்னு வரப்போவுது" என்றார்.

பத்திரிகையை வாங்கிக்கொண்டேன். அரை மணி நேரமும் போனது.

ஐந்தாம் நாள் பிரித்தார். ஆப்பு வைத்தார், தண்ணீர் விட்டார், தட்டினார், காதை வைத்துக் கேட்டார். மதியம் வரை தட்டினார். ‘டப்’ வரவில்லை. இன்னொரு ஆப்பை வைத்து அழுத்தியபோது சடசடவென்று வேறொரு சத்தம் வந்தது. பட்டி துண்டு துண்டாக அச்சோடு பெயர்ந்து வந்தது. உள்ளே பலகை தெரிந்தது.

 அவர் எழுந்து தூணுக்குப் போனார். ஒவ்வொரு கோட்டின் மேலும் விரலை வைத்து எண்ணினார். ஏழு.

"பாய், மெழுகுல ஏதாச்சும்..." என்று செல்வம் இழுத்தான்.

"தங்கச்சி கோடு போட்டுருக்கு" என்றார். அவ்வளவுதான். மெழுகைப் பற்றிய பேச்சு அத்தோடு முடிந்தது. "ஹார்டனர்ல நான்தான் தப்புப் பண்ணிருக்கேன். அளக்குறப்ப மவன் போன் பண்ணுனான். பேசிக்கிட்டே ஊத்துனேன். கூட ஊத்துனதுல சூடாகி மெழுகைத் தின்னுருக்கு. ஒரு மூடியா, ரெண்டு மூடியா?" என்னிடம் திரும்பினார். "நீ பாத்தியாம்மா?"

"பாக்கலண்ணே" என்றேன்.

உண்மைதான். அவர் ஊற்றும்போது நான் அங்கே இல்லை. பொய்யைவிடக் கேவலமான உண்மை ஒன்று உண்டென்றால் அது அன்று நான் சொன்னதுதான்.

மீன்சுருட்டிக்காரரிடம், "என் கை தப்புங்க" என்று தலைகுனிந்து சொன்னார். அவர் நல்ல மனிதர், சண்டைக்கு வரவில்லை. மூக்கில்லாத காரைத் தார்ப்பாய் போட்டுக் கட்டி, வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். கல்யாணம் வேறு ஏதோ காரில் நடந்தது. நான் போகவில்லை.

அதற்குப் பிறகு அவர் எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்க ஆரம்பித்தார். "ஹார்டனர் ஊத்திட்டேனா?" "ஊத்திட்டீங்க பாய்." கொஞ்ச நேரம் கழித்து, "ஊத்திட்டேன்ல?" செல்வம் முதலில் கேலி செய்தான். "பாய், உங்களுக்கு நிக்காஹ் ஆயிடுச்சு, அதையும் சொல்லிடவா?" பிறகு அவனும் நிறுத்திக்கொண்டான். வயதான காலத்தில் தன் வாப்பா பெற்ற பிள்ளைகளையே மறந்துபோனதை ஒரு நாள் எங்களிடம் சொன்னார். "எனக்கு அது சீக்கிரமே வருதுபோல" என்றார். நான் பனியன் துணியை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்துக்கொண்டே இருந்தேன்.

ஆறு மாதத்தில் புது அச்சு செய்வதையே விட்டுவிட்டார். பட்டறையைச் செல்வத்திடம் கொடுத்துவிட்டு ஊரோடு போய்விட்டார். நான் வேறு வேலைக்குப் போனேன். நான் வாயைத் திறக்காததை, பாவம், கூச்ச சுபாவம் என்றார்கள். அந்தப் பெயருக்குள் வருடக்கணக்காக வசதியாக உட்கார்ந்திருந்தேன்.

போன மாதம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் செல்வத்தைப் பார்த்தேன். "பாயைத் திருச்சிக்குக் கூட்டிட்டுப் போயி தலையில ஸ்கேன் எடுத்தாங்கக்கா. ஒண்ணுமே இல்லன்னுட்டாங்க. அவரு நம்ப மாட்டேங்குறாரு. கேஸ் அடுப்பை அணைச்சேனான்னு நாலு தடவை போயிப் பாக்குறாராம். தனியா வெளிய போறதே இல்ல. வழி மறந்துடுவேனாம்" என்றான்.

மறுவாரம் லப்பைக்குடிக்காட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்தார். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் அவர். மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"யாரு தெரியுதா?" என்று மனைவியிடம் கேட்டார். "நான் சொல்லுவேனே, கோட்டுத் தங்கச்சி! இது கோடு போட்டா போட்டதுதான். திரும்பிப் பாக்கவே வேணாம்."

டீ வந்தது. டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, குடிக்காமல், தரையைப் பார்த்துச் சொன்னேன். "அண்ணே, அந்த மீன்சுருட்டிக் காரு... நான் ஏழு பூச்சு பூசல. நாலுதான் பூசுனேன். மூணு கோடு சும்மா போட்டேன்."

அவர் தன் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு விரலை மடக்கி எண்ணினார். "நாலு" என்றார். "புது மாதிரிக்கு நாலு பத்தாதே. நாலுல எப்படி விடும்? விடாது." குரல் ஏறியது. மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டியா? ஹார்டனர் ஒரு மூடிதான்! நான் சரியாத்தான் ஊத்திருக்கேன்! அல்ஹம்துலில்லாஹ், சரியாத்தான் ஊத்திருக்கேன்!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்தார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சிரிப்பு அடங்கியதும், "ஏம்மா அப்படிப் பண்ணுனே? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அனுப்பிருப்பேனே" என்றார்.

அதையும் சொல்லிவிடத்தான் வந்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். "பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சுண்ணே" என்றேன்.

அவர் தலையாட்டினார். "ஆமா, உங்க ஊருக்கு பஸ்ஸு கம்மி. எத்தனை மணிக்கு பஸ்ஸுன்னு ஒருநாளும் நான் கேக்கல பாரு. அதைத்தான் மறந்துருக்கேன்" என்றார்.

பூசாத கோடு இன்னொன்றைப் போட்டுவிட்டு எழுந்தேன். மனைவி வாசல் வரை வந்தார். கதவைப் பாதி சாத்திக்கொண்டு, தாழ்ந்த குரலில், "பஸ்ஸுதானா?" என்று கேட்டார்.

நான் குனிந்து செருப்பைத் தேடினேன்.

"அந்தக் கொட்டாயை நான் பாத்திருக்கேன். ஒரு மறைப்பு கிடையாது" என்றார். என் மணிக்கட்டை ஒரு முறை அழுத்திப் பிடித்துவிட்டு விட்டார்.

தெருவில் இறங்கி நாலடி நடந்திருப்பேன். உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது.

"தங்கச்சி! நாலுதானேம்மா சொன்னே? நாலா, அஞ்சா?"

"நாலுதாண்ணே!" என்று கத்தினேன். நான் தெருவில் நின்று கத்தியது அதுதான் முதல் தடவை. எதிரே வந்த இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

"நாலு" என்று உள்ளே சொல்லிக்கொள்வது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "நாலுதானே?"

"நாலுதாண்ணே!"

தெருமுனையில் பெரம்பலூர் பஸ் வந்து நின்று ஆரன் அடித்தது. அவர் இன்னொரு முறை கேட்பார் என்று தோன்றியது. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். பஸ் போய்விட்டது.